பேந்தர்னா எந்தப் புலிங்க?

ஆப்பிள் கம்பெனி 2001லேருந்து 2012 வரைக்கும் தன்னோட மேக் இயங்குதளத்துக்கு வரிசையா பூனைக் குடும்பத்துப் பேரா வச்சுக்கிட்டு வந்தது நம்ம துறை ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சீட்டா, பூமா, ஜாகுவார், பேந்தர், டைகர், லெப்பர்டு, ஸ்னோ லெப்பர்டு, லயன், மவுன்டன் லயன். மொத்தம் ஒன்பது பேரு. ஆனா மிருகத்தை எண்ணினா ஒன்பது வராது மக்களே! பூமாவும் மவுன்டன் லயனும் ஒண்ணே. 2001ல ஒரு தடவை வித்துட்டு, 2012ல அதே மிருகத்தை வேற பேர்ல திரும்ப வித்திருக்காங்க. பேந்தரும் (2003) லெப்பர்டும் (2007) அதே கதைதான். நம்ம பாஷைல சொன்னா ரெண்டு பாயின்டர், ஒரே மெமரி.

இதுல பேந்தர் இருக்கே, அது இன்னும் மோசம். ஒரே சொல், ஆனா எந்த ஊர்ல நின்னு சொல்றோம்ங்கிறதைப் பொறுத்து வேற வேற மிருகத்தைக் காட்டும். இந்தியாவுலயும் ஆப்பிரிக்காவுலயும் பேந்தர்னா சிறுத்தை. தென் அமெரிக்கா போனா கறுப்பு ஜாகுவாரைச் சொல்லுவாங்க. அமெரிக்காவுல புளோரிடா பேந்தர்னு ஒண்ணு இருக்கு, 1982லேருந்து அந்த மாநில விலங்கு. அது பூமா. உடம்புல ஒரு புள்ளி கிடையாது. அந்தப் பூமாவுக்கு இங்கிலீஷ்ல மட்டும் கூகர், கேட்டமவுன்ட், மவுன்டன் லயன்னு நாப்பதுக்கு மேல பேரு உண்டு. நம்ம ஊர்ல குலசாமிக்குக்கூட இத்தனை பேரு இருக்காது.

சரி, இந்தக் குழப்பம் எப்போ ஆரம்பிச்சதுன்னு தேடினா கிரேக்கத்துல போய் நிக்குது. 'பான்' அப்படின்னா எல்லாம், 'தேர்' அப்படின்னா விலங்குன்னு பிரிச்சு, எல்லா விலங்கும் சேர்ந்ததுதான் பேந்தர்னு பழைய ஆளுங்க ஒரு விளக்கம் கொடுத்தாங்க. நம்ம ஊர்ப் பேருக்கு பஸ் ஸ்டாண்டுல பெரியவங்க கதை சொல்லுவாங்களே, அந்த ரகம். ஆனா இதை நம்பி இடைக்கால ஐரோப்பாவுல விலங்குப் புத்தகம் எழுதினவங்க என்னென்னவோ எழுதி வச்சாங்க. பேந்தர் எல்லா மிருகத்துக்கும் சிநேகிதன், அது வாயைத் திறந்தா இனிமையான வாசனை வரும், அந்த வாசனைக்கு மத்ததெல்லாம் பின்னாடியே ஓடி வரும், டிராகன் மட்டும் பயந்து ஓடும்! சில மொழி அறிஞர்கள் இந்தச் சொல்லை சமஸ்கிருத 'புண்டரீக'த்தோட முடிச்சுப் போட்டாங்க. அதுவும் ஊகம்தான். நமக்குப் புண்டரீகம்னா தாமரை, அங்க அதுக்குப் புலின்னும் ஒரு பொருள் உண்டு.

லெப்பர்டு கதையும் சுவாரசியம்தான். லியோன்னா சிங்கம், பார்டுன்னா புள்ளி போட்ட பூனை. ரெண்டுக்கும் பிறந்த கலப்புன்னு நினைச்சுதான் லெப்பர்டுன்னு ஒட்டுப்போட்டாங்க. பார்டுதான் அசல் சிறுத்தை. அதுக்கே இன்னொரு பேரைக் கொடுத்து, பேந்தரையும் பக்கத்துல வச்சு, ஒரே மிருகத்துக்கு மூணு பேரு ஆகிப்போச்சு. இப்போ அறிவியல் பேரு என்ன தெரியுமா? பேந்தரா பார்டஸ். ரெண்டு பேரையும் ஒரே மிருகத்துமேல ஏத்திப் பஞ்சாயத்தை முடிச்சுட்டாங்க. ஆனா பேந்தராங்கிறது பேரினப் பேரு. சிங்கம், புலி, ஜாகுவார், பனிச்சிறுத்தை எல்லாரும் அந்த வீட்டுப் பிள்ளைங்கதான். பேந்தர்னு பேர் வாங்கின பூமா மட்டும் அந்த வீட்டுக்குள்ளயே வராது, அது தனிப் பேரினம்.

வெள்ளைக்காரன் இங்க வந்து துப்பாக்கி தூக்கினப்ப இந்தப் பேர்க் குழப்பத்தையும் மூட்டை கட்டிக்கிட்டு வந்தான். பெருசா இருந்தா பேந்தர், சின்னதா இருந்தா லெப்பர்டு, ரெண்டும் வேற வேற ஜாதின்னு 19ஆம் நூற்றாண்டு வேட்டைக்காரங்க ரொம்ப நாள் வாதாடிக்கிட்டு இருந்தாங்க. இன்னிக்கும் ராஜஸ்தான் பக்கத்து இங்கிலீஷ் பேப்பர்ல 'பேந்தர்'னுதான் போடுவாங்க.

வேட்டைக் கதை படிக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. ஜிம் கார்பெட் 1926ல ருத்ரபிரயாகையில 125 பேரைக் கொன்னதா அரசாங்கக் கணக்கு சொன்ன ஒரு மிருகத்தைச் சுட்டார், புத்தகத்தோட தலைப்புல அது லெப்பர்டு. எங்க பக்கத்துக் காட்டுல சுத்தின கென்னத் ஆண்டர்சன் (1910-1974) எழுதினதெல்லாம் பேந்தர். ரெண்டு பேரும் எழுதினது ஒரே மிருகத்தைப் பத்திதான்! ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் படிச்சா, இமயமலையில ஒரு மிருகம், சேலம் ஜில்லாவுல வேறொரு மிருகம்னுதான் தோணும்.

ஆண்டர்சனை எங்க மாவட்டத்துக்காரர்னு உரிமை கொண்டாட எனக்கு ஆசை. மனுஷன் பெங்களூருக்காரர். ஆனா பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரின்னு நாம பஸ் போர்டுல பாக்குற ஊரெல்லாம் அவர் கதையில வரும். 1959ல வந்த அவரோட ஒரு புத்தகத்துக்குத் தலைப்பே சிவனிப்பள்ளியின் கறுப்புப் பேந்தர்தான். சிவனிப்பள்ளி தேன்கனிக்கோட்டைப் பக்கம். அப்போ அது சேலம் ஜில்லா. 1965ல தர்மபுரி மாவட்டம் பிரிஞ்சப்ப எங்களோட வந்தது, 2004ல கிருஷ்ணகிரி பிரிஞ்சப்ப அவங்களோட போயிடுச்சு. புலிக்குப் பேரு மாறுற மாதிரி ஊருக்கும் ஜில்லா மாறிக்கிட்டே இருக்கு, என்ன பண்றது.

அந்தக் கறுப்புப் பேந்தர்ங்கிறது தனி இனம் எல்லாம் இல்லீங்க. சாதாரண சிறுத்தைதான், கறுப்பு நிறமி கூடிப்போனது. சிறுத்தையில இந்தக் கறுப்பு ஒடுங்கு பண்பு, அதாவது புள்ளி போட்ட அப்பனுக்கும் புள்ளி போட்ட ஆத்தாளுக்கும் கறுப்புக் குட்டி பிறக்கலாம். நல்ல வெளிச்சத்துல உத்துப் பாத்தா கறுப்புக்குள்ளயே புள்ளி தெரியும். ஜாகுவார்ல இது ஓங்கு பண்பு. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்: சிறுத்தையில கறுப்பு உண்டு, ஜாகுவார்ல கறுப்பு உண்டு, பூமாவுல கறுப்பு இருந்ததா இதுவரைக்கும் யாரும் நிரூபிச்சது கிடையாது.

எங்க கடத்தூர்ப் பக்கம் வெள்ளைக்காரன் குழப்பம் எதுவும் கிடையாது. தெற்கே சேர்வராயன் மலை, தென்கிழக்கே சித்தேரி மலை. மலையோரத்து ஊர்ல ஆட்டை எது அடிச்சாலும் "புலி அடிச்சிடுச்சு"தான். வரியா புள்ளியான்னு கேட்டா, "புலிங்கிறேன், நீ என்னமோ..."ன்னு ஒரு முறைப்பு வரும். மறுநாள் பேப்பர்லதான் அது சிறுத்தை ஆகும். வனத்துறைக்காரங்க கால் தடத்தை அளந்து பாத்துட்டு இன்னதுன்னு சொல்லுவாங்க. தர்மபுரி அருங்காட்சியகத்துல நடுகல் நிறைய வச்சிருக்காங்க, போகாதவங்க ஒரு தடவை போயிட்டு வாங்க. மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் எடுத்த மாதிரி புலியோட சண்டை போட்டுச் செத்தவனுக்கும் கல் எடுத்த மண்ணு இது. அதுக்குப் புலிகுத்திக் கல்லுன்னு பேரு. அந்த மாதிரிக் கல்லுல இருக்கிறது பெரிய புலியா சிறுத்தையான்னு பல இடத்துல சொல்லிட முடியாது. ஆளை அடிச்சா அது புலி, அவ்வளவுதான்.

சிறுத்தைங்கிற சொல்லுல 'சிறு' இருக்கு பாருங்க. எங்க பக்கம் பாதிப்பேர் வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசுறவங்க. தெலுங்குல 'சிருத புலி', சிருதன்னா சின்னது. கன்னடத்துல 'சிரதே'. எல்லாத்துலயும் சின்னப் புலிதான். அந்தச் சின்னப் புலிதான் பின்னாடி பெரிய சொல்லாச்சு. அதுக்கு நாம அமெரிக்கா போயிட்டு வரணும்.

அலபாமா மாநிலம், லவுண்டஸ் கவுண்டி, 1965. அங்க ஜனத்தொகையில நூத்துக்கு எண்பது பேர் கறுப்பர்கள். அந்த வருஷ ஆரம்பத்துல வாக்காளர் பட்டியல்ல இருந்த கறுப்பர் எத்தனை பேர்? ஒருத்தர்கூட இல்லை. ஸ்டோக்லி கார்மைக்கேல் மாதிரியான இளைஞர்கள் உள்ளூர் ஆட்களோட சேர்ந்து வீடு வீடாப் போய்ப் பேர் சேர்த்தாங்க. பேர் சேர்த்தவங்களைப் பண்ணையார் நிலத்தைவிட்டு வெளியேத்தினான், கூடாரத்துல இருந்தாங்க. அப்புறம் சொந்தமா ஒரு கட்சி ஆரம்பிச்சாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்க நிறையப் பேர் இருந்ததால அலபாமாவுல ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சின்னம் வேணும். (நம்ம நாட்டுல 1951-52 தேர்தல்ல சின்னம் வந்த அதே காரணம்.) அங்க ஆண்ட ஜனநாயகக் கட்சியோட சின்னம் வெள்ளைச் சேவல். அந்தச் சேவலோட சேர்த்து வெள்ளையன்தான் மேலங்கிற வாசகம் வேற! அதுக்கு எதிரா இவங்க எடுத்த சின்னம்தான் கறுப்புப் பேந்தர். அட்லாண்டாவுல கிளார்க் கல்லூரி விளையாட்டு அணியோட சின்னத்தைப் பாத்துதான் வரைஞ்சாங்க. பேந்தர் பின்வாங்கிப் பின்வாங்கிப் போகும், மூலையில மடக்கினாத்தான் பாயும்னு அதோட தலைவர் ஜான் ஹியூலெட் விளக்கம் சொன்னார். சேவலை எது தின்னும்னு யாரும் விளக்க வேண்டியிருக்கலை.

அலபாமா காட்டுல பேந்தர்னா பூமா. பூமாவுல கறுப்பு கிடையாதுன்னு மேல சொன்னேனா? ஆக, அந்த ஊர்க் காட்டுல இல்லாத ஒரு மிருகத்தைச் சின்னமா எடுத்து வாக்குச்சீட்டுல ஏத்திட்டாங்க. அந்தக் கறுப்பு மிருகம் நிஜமாவே நடமாடுறது சிவனிப்பள்ளிப் பக்கமும் நீலகிரிப் பக்கமும்தான்.

அந்தச் சின்னத்தைப் பாத்துதான் 1966 அக்டோபர்ல கலிஃபோர்னியா ஓக்லண்டுல ஹியூ நியூட்டனும் பாபி சீலும் பிளாக் பேந்தர் கட்சியை ஆரம்பிச்சாங்க. அதுக்குச் சில மாசம் முன்னாடிதான் மார்வெல் காமிக்ஸ்ல பிளாக் பேந்தர்னு ஒரு ராஜா கதாபாத்திரம் வந்தது. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனா கட்சி பேர் வாங்க வாங்க மார்வெல்காரங்களுக்கு வயித்தைக் கலக்கிடுச்சு போல, 1972ல கொஞ்ச நாள் அந்த ராஜாவுக்கு 'பிளாக் லெப்பர்டு'ன்னு பேரை மாத்திப் பாத்தாங்க! ஒரே மிருகம்தாங்க. அதே உடம்பு, அதே கறுப்பு. சொல்லை மாத்தினதும் அரசியல் போயிடுச்சாம். ஆப்பிள்காரனுக்கு வராத ஞானம் மார்வெல்காரனுக்கு வந்திருக்கு.

அதே 1972ல பம்பாய்ல நாம்தேவ் டசால், ராஜா டாலே, ஜே.வி. பவார் எல்லாம் சேர்ந்து தலித் பேந்தர்ஸ் ஆரம்பிக்கிறாங்க. இங்கதான் நம்ம ஆளு ஒருத்தர் வர்றார். பல பேர் இதைச் சொல்றதே இல்லை. தீண்டாமை பத்தி ஆராய 1965ல மத்திய அரசு ஒரு குழு போட்டுச்சு. அதுக்குத் தலைவர் எல். இளையபெருமாள், சிதம்பரம் பக்கத்துக்காரர். 1969ல அறிக்கை கொடுத்தார், அடுத்த வருஷம் அது நாடாளுமன்றத்துக்கு வந்தது. நாடு முழுக்க தலித் மக்கள் மேல நடந்த கொடுமைங்களைப் பட்டியல் போட்ட அறிக்கை. அதைப் படிச்ச கோபத்துலதான் பம்பாய் இளைஞர்கள் இறங்கினாங்கன்னு பவாரே எழுதியிருக்கார். அதாவது பேரு ஓக்லண்டுலேருந்து வந்தது, கோபம் சிதம்பரத்துக்காரர் எழுதின காகிதத்துலேருந்து வந்தது. அந்தக் கோபத்துக்குப் பேர் வச்சு பத்து வருஷம் கழிச்சுத் திரும்பத் தமிழ்நாட்டுக்கே அனுப்பினாங்க.

மராத்தியில அவங்க பேந்தரை மொழிபெயர்க்கவே இல்லை. 'தலித் பேந்தர்'தான். 1982ல மதுரையில மலைச்சாமிங்கிற வக்கீல் இங்க ஆரம்பிச்சப்பவும் 'தலித் பேந்தர் இயக்கம்'தான். 1989ல அவர் இறந்த பிறகு, மதுரையில தடய அறிவியல் துறையில வேலை பாத்துக்கிட்டிருந்த திருமாவளவன் 1990ல தலைமைக்கு வந்தார். அதுக்கப்புறம்தான் பேந்தர் தமிழாச்சு: விடுதலைச் சிறுத்தைகள். 1999ல வேலையை விட்டுட்டுத் தேர்தல்ல நின்னார், கட்சியும் தேர்தலுக்கு வந்தது. கட்சியோட அரசியல் பத்தி உங்களுக்கு என்ன கருத்து வேணும்னாலும் இருக்கட்டும், எனக்கே பல விஷயத்துல கேள்வி உண்டு. ஆனா மொழிபெயர்ப்புன்னு பாத்தா இது அபாரம். பேந்தர்னே விட்டிருந்தா அது பட்டணத்துல படிச்சவன் வார்த்தையா நின்னிருக்கும். சிறுத்தைன்னதும் சேரிச் சுவர்ல ஏறிடுச்சு.

இதுல தமிழ் இலக்கணம் ஒரு வேலை பண்ணுச்சு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வந்தேன்.

நமக்கு உயர்திணை, அஃறிணைன்னு ஒரு பிரிவு. ஆறாம் வகுப்புல கோனார் உரையில மனப்பாடம் பண்ணிட்டு மறந்துட்டோம், ஆனா வாய் மறக்கலை. "சிறுத்தை வந்துச்சு"ன்னா மலையிலேருந்து மிருகம் இறங்கியிருக்கு, ஆட்டைப் பட்டியில அடைக்கணும். "சிறுத்தைங்க வந்தாங்க"ன்னா கட்சிக்காரங்க வந்திருக்காங்க. இங்கிலீஷ்ல இந்த வித்தியாசம் வினைச்சொல்லுல வராது. மராத்தியிலயும் பேந்தர்ங்கிற கடன் சொல்லே வேலி போட்டுடும். தமிழ்ல மட்டும் வாயைத் திறந்து முடிக்கிறதுக்குள்ள நீங்க முடிவு பண்ணியாகணும், வந்துச்சா, வந்தாங்களா.

எங்க பக்கம் சேரியில இருக்கிற அறுபது வயசுப் பெரியவரைப் பத்து வயசுப் பையன் பேர் சொல்லி, 'டா' போட்டுக் கூப்பிடுறதை நான் பாத்து வளர்ந்தேன். அவர் வந்தார்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வந்தான். சில வீட்டுல அதுகூட இல்லை, "அது வந்து நிக்குது பாரு, என்னான்னு கேளு". அந்த மனுஷனோட பேரன் ஒரு மிருகத்தோட பேரை எடுத்து வச்சுக்கிட்டப்ப, அவனைப் பத்திப் பேச வந்தவங்க வாயில 'ஆங்க' தானா வந்துடுச்சு. சிறுத்தைங்க வந்தாங்க, சிறுத்தைங்க கேட்டாங்க. பேர்தான் அஃறிணை, வினையெல்லாம் உயர்திணை. யாரும் திட்டம் போட்டுச் செஞ்சதா எனக்குத் தோணலை. மொழி அப்படி விழுந்திருக்கு.

எல்லாரும் அதை அப்படியே ஏத்துக்கிட்டாங்கன்னு சொல்ல வரலை. 2012 நவம்பர் 7ஆம் தேதி எங்க மாவட்டத்துல நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டின்னு மூணு தலித் குடியிருப்புல 200க்கும் மேற்பட்ட வீடுங்களைக் கொளுத்தினாங்க. காரணம், சாதி மாறி நடந்த ஒரு கல்யாணம். வண்டி, நகை, பள்ளிக்கூட சர்டிபிகேட் எல்லாம் போச்சு. அப்போ நான் பத்தாவது. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் கடத்தூர் பஸ்ல, டீக்கடையில யாரும் சிறுத்தைங்கிற வார்த்தையைச் சத்தமாச் சொல்ல மாட்டாங்க. ஒரு தரப்புக்கு அந்த வார்த்தையே பயம், இன்னொரு தரப்புக்கு அதைச் சொன்னா அடையாளம் தெரிஞ்சிடுமேன்னு பயம். வெற்றிலைச் சந்தைக்கு வந்த ஒருத்தர், மலையோரத்துல நிஜமாவே ஆட்டை அடிச்ச மிருகத்தைப் பத்திச் சொல்லும்போது, குரலைத் தாழ்த்தி, சுத்தி ஒரு பார்வை பாத்துட்டு, "புலி"ன்னு சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு. வழக்கமாவே அவர் புலின்னுதான் சொல்லியிருப்பார். ஆனா அன்னிக்குச் சுத்திப் பாத்துட்டுச் சொன்னார்.

இப்போ மிருகத்துக்கு வருவோம். 2022 செப்டம்பர் 17 அன்னிக்கு நமீபியாவுலேருந்து எட்டு சீட்டாவை மத்தியப் பிரதேசம் குனோவுல கொண்டுவந்து விட்டாங்க. இந்தியாவுல சீட்டா அழிஞ்சுபோச்சுன்னு 1952லயே அறிவிச்சதுக்கு அப்புறம், 70 வருஷம் கழிச்சு. சீட்டாங்கிற இங்கிலீஷ் சொல் நம்ம நாட்டுச் சரக்குதான், புள்ளி போட்டதுன்னு பொருள்படுற சமஸ்கிருதச் சொல்லுலேருந்து இந்தி வழியா போனது. அன்னிக்குத் தமிழ்ச் செய்தியில பாதிப்பேர் 'சிறுத்தைகள் வந்தன'ன்னாங்க, மீதிப்பேர் 'சிவிங்கிப்புலிகள் வந்தன'ன்னாங்க. சிவிங்கிங்கிறது நல்ல பழைய சொல், அகராதியில இருக்கு, தெலுங்கு கன்னடத்துலயும் உண்டு. அந்த மிருகம் நம்ம பக்கம் இல்லாமப் போனதும் சொல்லும் கூடவே போயிடுச்சு. நிஜச் சிறுத்தை ஏற்கெனவே நாடு முழுக்க இருக்கு, அதை எதுக்கு விமானத்துல ஏத்திக் கொண்டுவரணும்? அதே வருஷம் நவம்பர்ல கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 686 சதுர கிலோமீட்டருக்குக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாங்க. அங்க சிறுத்தை இருக்கு. ஆண்டர்சன் பேந்தர்னு எழுதினது இதோட பாட்டன் பூட்டனைத்தான்.

டிஸ்கி: பிங்க் பேந்தர் எந்த மிருகம்னு பின்னூட்டத்துல கேட்பீங்கன்னு தெரியும். 1963ல வந்த முதல் படத்துல அது ஒரு வைரத்தோட பேரு. வைரத்துக்குள்ள இருக்கிற ஒரு குறை பாயுற பேந்தர் மாதிரி தெரியுமாம். டைட்டில்ல வந்த கார்ட்டூன் ரொம்பப் பிடிச்சுப்போய் அதைத் தனியா நடிக்க விட்டுட்டாங்க. அது ரெண்டு காலால நடக்கும், அதனால உயர்திணையா அஃறிணையான்னு தமிழ் ஐயாகிட்டதான் கேக்கணும்.